செருகும் குளிர்பெட்டியா, சாதா ஐஸ் பெட்டியா? பிள்ளைகளோடு கார் பயணத்தில் இரண்டையும் வைத்துப் பார்த்தோம்

பிள்ளைகளோடு காரில் நீண்ட தூரம் போய்வர வேண்டும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது என்று நினைக்கிற குடும்பம் எதை முதலில் வாங்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், ஒரு நல்ல ஐஸ் பெட்டி என்பேன். மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம். சுவர் தடிமனாக, மூடி இறுக்கமாக இருக்கிற சாதாரணப் பெட்டி போதும். காரின் சார்ஜர் பாயின்ட்டில் செருகுகிற 12 வோல்ட் குளிர்பெட்டியைப் பற்றி இப்போது தெரிந்தவர்கள் பலரும் விசாரிக்கிறார்கள். எங்கள் நாத்தனார் வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு, எங்கள் பழைய ஐஸ் பெட்டியையும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே காரில், ஒரே வழியில், ஒரே வெயிலில் வைத்துப் பார்த்தோம். செருகும் பெட்டி 24 லிட்டர், எங்களுடையது 26 லிட்டர். கொள்ளளவு ஏறக்குறைய ஒன்று என்பதால் ஒப்பிட வசதியாக இருந்தது.

பயணச் செலவுக்கும் ஒரு பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். எங்கள் வீட்டில் கணக்கு நோட்டு என் பொறுப்பு. பெட்ரோல் செலவைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுவிடலாம். போகிற தூரத்தை வண்டி கொடுக்கிற மைலேஜால் வகுத்தால் எத்தனை லிட்டர் என்று தெரிந்துவிடும். மேடு, நெரிசல், ஏசி என்று பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொண்டால் பெரும்பாலும் அதற்குள் அடங்கும். தங்கும் அறைக்கு முன்பதிவின்போதே தொகை தெரியும். சுங்கக் கட்டணமும் அப்படித்தான். நோட்டில் அடங்காமல் நழுவுவது வழியில் நிற்கிற நிறுத்தங்கள்தான்.

சின்னவன் தாகம் என்பான். வண்டியை ஒரு கடை ஓரம் நிறுத்துவோம். தண்ணீர் வாங்கத்தான் இறங்குவோம். பளபளக்கிற பாக்கெட் ஒன்று பெரியவள் கண்ணில் படும். ஒருவருக்கு வாங்கினால் இன்னொருவருக்கும் வாங்க வேண்டும். அதைத் தின்றால் மறுபடி தாகம். ஒவ்வொன்றும் சின்னத் தொகைதான், ஆனால் நாள் முடிவில் கூட்டிப் பார்த்தால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் போயிருக்கும். நேரமும் போகிறது. இரண்டு மூன்று நிறுத்தம் இப்படி நீண்டால் இருட்டிய பிறகுதான் போய்ச் சேர முடியும். அப்புறம் அறையில் எதையாவது செய்து சாப்பிடும் தெம்பு யாருக்கும் இருக்காது, இரவுச் சாப்பாடும் வெளியேதான்.

நிறுத்தங்களையே குறைத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் இருக்கிற வண்டி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது நிற்க வேண்டும். ஓட்டுகிறவருக்குக் கண் அயராமல் இருக்க அது தேவை. கைக்குழந்தையைச் சீட்டில் கட்டியபடியே அதற்கு மேல் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்பது மருத்துவர்களும் சொல்கிற விஷயம். எங்கே நிற்பது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. குளிர்ந்த தண்ணீரும் தின்பதற்கு நாலு பொருளும் வண்டியிலேயே இருந்தால், நிழலும் கழிப்பறையும் ஓடி விளையாடக் கொஞ்சம் இடமும் இருக்கிற எந்த இடத்திலும் நிற்கலாம். கடை இருக்கிற இடத்தில்தான் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் போய்விடுகிறது. எங்கள் செலவு குறைந்தது இந்த ஒரு மாற்றத்தால்தான்.

சரி, முதலில் செருகும் பெட்டி.

பார்க்க அழகாக இருக்கிறது. மூடியிலேயே ஒரு சின்ன விசிறி, அதன் மேல் வெப்பம் வெளியேற வரிவரியாகத் துவாரங்கள், பக்கத்தில் குளிர், சூடு என்று இரண்டு பக்கமும் தள்ளுகிற ஒரு சுவிட்ச். உள்ளே மூடிக்கு அடியில் இன்னொரு விசிறி. எடை குறைவு. காலியாக இருக்கும்போது பெரியவளே தூக்கிவிடுகிறாள். பலரும் இதைக் குட்டி ஃப்ரிட்ஜ் என்று நினைக்கிறார்கள். வேலை செய்யும் விதம் முற்றிலும் வேறு. வீட்டு ஃப்ரிட்ஜில் கம்ப்ரெசரும் வாயுவும் உண்டு. இதில் இரண்டுமே இல்லை. இரண்டு வெவ்வேறு பொருள்கள் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சூடாகும் என்பதை 1834இல் பெல்டியே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தார். கடிகாரம் செய்யும் தொழிலில் இருந்து அறிவியலுக்கு வந்தவர் அவர். அந்த விளைவை வைத்துத்தான் இந்தப் பெட்டி இயங்குகிறது. மின்சாரம் பாயும் திசையை மாற்றினால் குளிர்ந்த பக்கம் சூடாகும், அதனால்தான் ஒரே பெட்டியில் இரண்டு வசதி.

இந்த முறைக்கு ஒரு வரம்பு உண்டு, அதை அட்டைப்பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள், சின்ன எழுத்தில். உள்ளே இத்தனை டிகிரி இருக்கும் என்று போடவில்லை. சுற்றுப்புறத்தை விட 15 முதல் 20 டிகிரி வரை குறைவு என்று போட்டிருக்கிறார்கள். வாங்கப் போகிறவர்கள் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்த வரியைப் படித்துவிடுங்கள். வண்டிக்குள் ஏசி ஓடி 25 டிகிரி இருந்தால் பெட்டிக்குள் 7, 8 வரை இறங்கலாம். டிக்கியில் 38 டிகிரி அடித்தால் பெட்டிக்குள் 20 டிகிரி. 20 டிகிரியில் தண்ணீர் குடிக்க நன்றாகத்தான் இருக்கும். பால் அங்கே பத்திரமாக இருக்காது.

உலக சுகாதார நிறுவனம் 2001இல் உணவுப் பாதுகாப்புக்கென்று ஐந்து எளிய விதிகளை வெளியிட்டது. அதில் ஒன்று, கெட்டுப்போகக்கூடிய உணவு 5 டிகிரிக்குக் கீழே குளிராக இருக்க வேண்டும் அல்லது 60 டிகிரிக்கு மேலே சூடாக இருக்க வேண்டும் என்பது. இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. கடும் வெயிலில் 1 மணி நேரமே அதிகம். பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பெட்டியை நான் இந்த அளவுகோலை வைத்துத்தான் பார்க்கிறேன். சுற்றுலாப் போன இடத்தில் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால், பயணமும் வீண், மிச்சம் பிடித்த பணம் அத்தனையும் மருந்துக்கும் மருத்துவருக்கும் போய்விடும்.

சமையலறையில் இருக்கிற தெர்மாமீட்டரை எடுத்துப் போய் இரண்டு பெட்டிகளிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். காலையில் கிளம்பும்போது செருகும் பெட்டிக்குள் வைத்தது எல்லாம் வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்து நேராக எடுத்தவை. முதல் இரண்டு மணி நேரம் 10 டிகிரிக்குள் இருந்தது. வெயில் ஏற ஏற 13, 14 என்று மேலே போய், மதியத்துக்கு முன்பே 16 காட்டியது. விசிறி இரண்டும் ஒழுங்காகத்தான் சுற்றிக்கொண்டிருந்தன. பெட்டியில் பழுது எதுவும் இல்லை. அது செய்ய முடிந்தது அவ்வளவுதான். ஐஸ் பெட்டியில் அதே நேரத்தில் அடியில் 2 டிகிரி, மேல்தட்டில் 5 டிகிரி.

ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு கிலோ ஐஸ் கரைந்து தண்ணீராவதற்கு 334 கிலோஜூல் வெப்பத்தை விழுங்குகிறது. இது 30 டிகிரியில் இருக்கிற 3 லிட்டர் தண்ணீரை 5 டிகிரி வரை குளிர வைக்கப் போதும். செருகும் பெட்டி 12 வோல்ட்டில் சுமார் 4 ஆம்பியர் எடுக்கிறது, அதாவது 48 வாட். இந்த வகைப் பெட்டி எடுக்கிற மின்சாரத்தில் பாதி அளவுக்கே உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளும் என்று வைத்தாலும், ஒரு கிலோ ஐஸ் செய்கிற வேலையைச் செய்ய அதற்கு ஏறக்குறைய 4 மணி நேரம் ஆகிறது. நாங்கள் ஐஸ் பெட்டியில் வைத்தது 4 கிலோவுக்கும் மேல். வீட்டு ஃப்ரீசர் இரவெல்லாம் செய்து முடித்த வேலையை அப்படியே சுமந்துகொண்டு போகிறோம். ஓடுகிற காரின் சார்ஜர் பாயின்ட் அதற்கு ஈடு கொடுக்க முடியாது.

இதை விடப் பெரிய சிக்கல் வண்டி நிற்கும்போது. மதியம் ஒரு மணி நேரம் நிறுத்திப் பிள்ளைகளை விளையாட விடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல கார்களில் சாவியை எடுத்தால் சார்ஜர் பாயின்ட்டும் நின்றுவிடும். செருகும் பெட்டியின் சுவர் மெல்லியது, விரல் தடிமன்கூட இல்லை. மூடியில் விசிறிக்காக ஓட்டை வேறு. வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 20 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறும், அதில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடும். அதனால்தான் ஒரு நிமிடம் என்று சொல்லிக்கூட குழந்தையைக் காரில் விட்டுவிட்டு இறங்கவே கூடாது. அந்த வெப்பத்தில் மின்சாரம் இல்லாத செருகும் பெட்டி வெறும் பிளாஸ்டிக் டப்பா. நாங்கள் திரும்பி வந்து திறந்தபோது தெர்மாமீட்டர் 24 காட்டியது. ஐஸ் பெட்டியில் ஒரு டிகிரி கூட மாறவில்லை.

சில கார்களில் சாவி எடுத்த பிறகும் பாயின்ட் வேலை செய்யும். அது இன்னும் ஆபத்து. 4 ஆம்பியர் வீதம் ஓர் இரவு 8 மணி நேரம் ஓடினால் 32 ஆம்பியர் ஹவர். சின்னக் காரின் பேட்டரி மொத்தமே 35 முதல் 45 வரைதான். காலையில் வண்டி கிளம்பாது. கார் பேட்டரி, ஸ்டார்ட் செய்யும் ஒரு நொடி வேகத்துக்காகச் செய்தது. அடிவரை வடியவிட்டால் அதன் ஆயுளும் குறையும். வண்டியை நிறுத்தினால் பிளக்கைக் கையோடு பிடுங்கிவிடுவதுதான் நல்லது.

பிளக்கைப் பற்றி இன்னொன்று. உருண்டையான அந்தப் பிளக் உள்ளே ஒரு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டால் கொஞ்சம் வெளியே வந்துவிடும். பச்சை விளக்கு அணைந்ததைப் பின்னால் இருக்கிறவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பெரியவளுக்கு அந்த வேலையைக் கொடுத்தோம், ஆர்வமாகச் செய்தாள். ஆனால் தூங்கிப் போனால் அவ்வளவுதான். ஒயரின் நீளம் 2 மீட்டர் இருக்கும். பாயின்ட் முன்னால், கியருக்குப் பக்கத்தில். பின்சீட்டில் இரண்டு குழந்தைச் சீட்டுகள் கட்டிய பிறகு நடுவில் மிஞ்சுகிற இடத்தில் இந்தப் பெட்டி உட்காராது. டிக்கியில் வைத்தால் ஒயர் எட்டாது. கடைசியில் முன்சீட்டில் என் காலுக்குக் கீழே வைத்துப் போனோம். காலை நீட்ட முடியவில்லை, மூடியில் இருந்து வருகிற வெக்கை முழங்காலில் அடித்துக்கொண்டே இருந்தது.

எந்தப் பெட்டியானாலும் கட்டாமல் வைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிரம்பிய பெட்டி 15 கிலோவுக்குக் குறையாது. திடீரென்று பிரேக் பிடித்தால் அது முன்னால் சரியும், மோதினால் தன் எடையைப் போலப் பல மடங்கு விசையோடு பாயும். பிள்ளைகளின் தலைக்குப் பின்னால், சீட்டுக்கு மேலே உயர்ந்து நிற்கும்படி எதையும் அடுக்காதீர்கள். ஐஸ் பெட்டியை டிக்கியின் தரையில், பின்சீட்டு முதுகோடு ஒட்டி வைத்து, மேலே துணிப் பையை இறுக்கி அடைத்துவிடுகிறோம்.

செருகும் பெட்டியில் நல்லதே இல்லையா என்றால், இருக்கிறது. தண்ணீர் கசிகிற தொல்லை இல்லை. பழம் நசுங்காது, நனையாது. சாக்லேட் உருகாது. கம்பளம் போர்த்திய மாதிரி உள்ளே இருப்பதன் நிலையைக் கொஞ்ச நேரம் காப்பாற்றிக் கொடுக்கும். 25 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்கிற மருந்துகளுக்குப் போதும். அறைக்குப் போனதும் சுவர் பிளக்கில் செருகுகிற அடாப்டர் தனியாகக் கிடைக்கிறது. ஏசி அறையில் இரவு முழுக்க ஓடவிட்டால் 7 டிகிரி வரை போகிறது. விசிறிச் சத்தம்தான் தூங்கவிடாது. குளியலறைக்கு வெளியே ஓரமாக வைத்தோம். சூடு பக்கம் தள்ளினால் மெல்லச் சூடேறி 55 டிகிரி வரை வருகிறது. சூடாக வைத்ததைச் சிறிது நேரம் சூடாக வைத்திருக்கும். ஆறியதைச் சூடு செய்ய இதை நம்ப வேண்டாம். இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் கிடக்கிற சாப்பாடுதான் எல்லாவற்றையும் விட மோசம். ஒரு நல்ல ஃபிளாஸ்க் இந்த வேலையை மின்சாரமே இல்லாமல் செய்துவிடும்.

கம்ப்ரெசர் வைத்த கார் ஃப்ரிட்ஜும் இருக்கிறது. அது நிஜமான ஃப்ரிட்ஜ், ஐஸ் கட்டியே செய்யும். ஆனால் அதன் விலையில் ஒரு குடும்பம் பல நாள் தங்கி வரலாம். சிக்கனப் பயணத்தைப் பற்றிய பேச்சில் அதற்கு இடம் இல்லை.

இப்போது எங்கள் ஐஸ் பெட்டி. இதன் பலம் பெட்டியில் பாதி, அடுக்குகிற விதத்தில் பாதி.

கிளம்புவதற்கு முந்தைய நாளே வேலை தொடங்கிவிடும். ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில்களை முக்கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே நிரப்பி ஃப்ரீசரில் படுக்க வைப்பேன். தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருகும். விளிம்பு வரை நிரப்பினால் பாட்டில் வெடித்துவிடும். கண்ணாடி பாட்டில் கூடவே கூடாது. கடையில் விற்கிற நீல நிற ஜெல் பாக்கெட்டுகளை நான் வாங்குவதில்லை. பாட்டில் ஐஸ் உருகினால் குடிக்கிற தண்ணீர், ஜெல் உருகினால் வெறும் சுமை. உதிரி ஐஸ் கட்டியை அப்படியே கொட்டுவதும் இல்லை. அது உருகியதும் எல்லாம் மிதக்க ஆரம்பித்து, டப்பாக்களுக்குள் தண்ணீர் புகுந்துவிடும்.

பெட்டியே வெக்கையாக இருந்தால் முதல் பாட்டில் ஐஸ் பெட்டியைக் குளிர வைப்பதிலேயே கரைந்துவிடும். அதனால் இரவே இரண்டு உறைந்த பாட்டிலை உள்ளே போட்டு மூடி வைத்துவிடுவேன். காலையில் அவற்றை எடுத்துவிட்டுப் புது பாட்டில்களை அடியில் வரிசையாக அடுக்குவேன். உள்ளே போகிற ஒவ்வொரு பொருளும் ஏற்கனவே ஃப்ரிட்ஜில் இருந்ததாக இருக்க வேண்டும். வெதுவெதுப்பான பால் ஒரு லிட்டரை வைத்தால் அது குளிர்வதற்கு மட்டுமே கால் கிலோவுக்கு மேல் ஐஸ் போய்விடும். பால், சீஸ், வேக வைத்த முட்டை, இறைச்சி இருந்தால் அதுவும் அடியில், ஐஸை ஒட்டி. வெட்டிய பழம் நடுவில். மேலே கெட்டுப்போகாதவை. காலி இடம் எதுவும் இருக்கக் கூடாது. மிஞ்சுகிற மேல் இடத்தில் ஒரு தடித்த துண்டை மடித்துப் போட்டு அடைத்துவிடுவேன். குளிர்காற்று கனமானது, கீழேயே தங்கும். மேல்பக்கம் திறக்கிற பெட்டியில் அது கொட்டிப் போகாமல் இருக்க அந்தத் துண்டு பெரிய உதவி.

குடிக்கிற தண்ணீரை மட்டும் இந்தப் பெட்டியில் வைப்பதே இல்லை. பிள்ளைகள் கால் மணிக்கு ஒரு தரம் தண்ணீர் கேட்பார்கள். ஒவ்வொரு தரமும் பெட்டியைத் திறந்தால் மாலைக்குள் ஐஸ் தீர்ந்துவிடும். தண்ணீருக்குத் தனியாக ஒரு மெத்தென்ற குளிர்ப்பை, பெரியவள் காலடியில். அதில் ஓர் உறைந்த பாட்டிலும் சாதா பாட்டில்கள் சிலவும். பெரிய பெட்டி சாப்பாட்டு நேரத்தில் மட்டும் திறக்கும். இந்தப் பிரிவினைதான் எங்கள் பெட்டியை இரண்டாம் நாள் காலை வரை தாக்குப்பிடிக்க வைத்தது. அடியில் இருந்த பாட்டில்களை அப்போதும் ஆட்டினால் உள்ளே ஐஸ் கட்டி தட்டுகிற சத்தம் கேட்டது.

கைக்குழந்தை இருக்கிறவர்களுக்கு இந்தப் பெட்டி இன்னும் முக்கியம். பிழிந்தெடுத்த தாய்ப்பாலை உறைந்த ஐஸ் பாக்கெட்டுகளோடு நல்ல ஐஸ் பெட்டியில் 24 மணி நேரம் வரை வைக்கலாம் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. பவுடர் பால் கொடுக்கிறவர்கள் கலந்து எடுத்துப் போகாமல், பவுடரைத் தனியாக, கொதித்த தண்ணீரை ஃபிளாஸ்க்கில் தனியாகக் கொண்டு போய், அவ்வப்போது கலப்பதே நல்லது. கலக்கும்போது தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையக் கூடாது. பிறகு கைபொறுக்கும் சூட்டுக்கு ஆற்றிக் கொடுக்க வேண்டும். கலந்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

என் மாமியாரும் எங்களோடு வருவார். அவருக்கு இன்சுலின் உண்டு. இன்சுலின் ஐஸைத் தொடவே கூடாது. உறைந்துவிட்டால் திரும்ப உருகினாலும் அதைப் பயன்படுத்த முடியாது, தூக்கித்தான் போட வேண்டும். ஒரு டப்பாவில் போட்டு, டப்பாவைத் துணியில் சுற்றி, பெட்டியின் மேல்தட்டில் ஓரமாக வைக்கிறோம். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தது முதலில் அதற்காகத்தான்.

காரில் வாந்தி எடுக்கிற பிள்ளைகள் இருந்தால் இன்னொரு பயன். 2 வயதில் இருந்து 12 வயது வரைதான் இந்தத் தொல்லை அதிகம். காது உணர்கிற அசைவும் கண் பார்க்கிற காட்சியும் ஒத்துப் போகாததால் வருவது. வெறும் வயிறும் ஆகாது, கனத்த சாப்பாடும் ஆகாது. குளிர்ந்த பழத்துண்டு நாலு, கொஞ்சம் தண்ணீர், ஜன்னல் வழியே தூரத்தைப் பார்க்கச் சொல்வது. சின்னவனுக்கு இது போதும். வழியில் வாங்குகிற எண்ணெய்ப் பலகாரம்தான் அவனுக்கு ஒத்துக்கொள்வதே இல்லை.

எங்கள் பெட்டியில் குறையும் உண்டு. நிரம்பிவிட்டால் ஒரு ஆள் தூக்க முடியாது. கைப்பிடி பெட்டியோடு சேரும் இடத்தில் பிளாஸ்டிக் மெல்லியது, ஒரு பக்கம் விரிசல் விட்டு இப்போது கயிறு கட்டியிருக்கிறோம். தண்ணீர் வடிக்கிற மூடி வெறுமனே அழுத்திச் செருகுகிற வகை, திருகு இல்லை. பாட்டிலின் வெளியே வியர்த்து அடியில் சேர்கிற தண்ணீர் அந்த வழியாக டிக்கியில் கசிந்து விரிப்பு நாற்றமடித்தது. அடியில் ஒரு பழைய ரப்பர் தட்டு வைத்த பிறகு சரியானது. உள்ளே ரப்பர் விளிம்பில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். ஊருக்குத் திரும்பியதும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் துடைத்து, மூடியைத் திறந்தே காய வைக்க வேண்டும்.

வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் மூடியைத் தட்டிப் பாருங்கள். விலை குறைந்த பெட்டிகள் பலவற்றில் சுவரில் ஃபோம் இருக்கும், மூடி வெறும் கூடாக இருக்கும். தட்டினால் டொக்கு டொக்கு என்று வெற்றுச் சத்தம் வரும். அது வேண்டாம். சுவரும் மூடியும் பாலியூரித்தேன் ஃபோம் நிரப்பியதா என்று கேளுங்கள். அதே தடிமனுக்கு அது தெர்மாகோலை விட நன்றாகத் தாங்கும். மூடி விளிம்பில் ரப்பர் இருக்கிறதா, ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்தால் பிடித்துக்கொள்கிறதா என்று பாருங்கள். வடிகால் மூடி திருகுகிற வகையாக இருக்கட்டும். நாலு பேருக்கு 25 லிட்டர் சுற்றி இருந்தால் போதும். பெரிதாக வாங்கினால் பாதி காலியாகவே போகும், காலி இடம் ஐஸைத் தின்னும். கிளம்புவதற்கு முன் உங்கள் டிக்கியை டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள். உறவிலோ பக்கத்து வீட்டிலோ யாரிடமாவது ஒன்று சும்மா கிடக்கும், கேட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் வாங்கலாம். ஒரே நாள் பயணம் என்றால் மருந்துக் கடைகளில் பொருள் வந்து இறங்குகிற தெர்மாகோல் பெட்டியே போதும். சீக்கிரம் உடையும், ஆனால் குளிரை நன்றாகவே பிடித்து வைக்கும்.

ஐஸ் பெட்டியின் ஒரே பெரிய பலவீனம் இரண்டாம் நாள். ஐஸ் தீர்ந்தால் மறுபடி எங்கே உறைய வைப்பது? அறை பதிவு செய்யும்போதே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: இரவு நாலு பாட்டிலை உங்கள் ஃப்ரீசரில் வைத்துத் தருவீர்களா? அறையில் ஃப்ரிட்ஜ் உண்டு என்று மட்டும் சொன்னால் போதாது. அந்தச் சின்ன ஃப்ரிட்ஜ்களில் பலவற்றில் ஃப்ரீசர் இருக்காது. சமையலறை இருக்கிற இடங்களில் பெரும்பாலும் சரி என்பார்கள். நாங்கள் தங்கிய ஓர் இடத்தில் முதலில் முடியாது என்றவர்கள், பிள்ளைகளுக்குப் பால் வைக்கத்தான் என்றதும் வாங்கிக்கொண்டார்கள். பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டிக் கொடுங்கள், காலையில் தேட வேண்டாம்.

அந்த வசதி கிடைக்காத வழியில், நாள் கணக்கில் ஓட்டிக்கொண்டே போகிற குடும்பத்துக்கு மட்டும் செருகும் பெட்டி பொருந்தும். அதிலும் பால், முட்டை, இறைச்சி வைக்காமல், தண்ணீர், பழம், தின்பண்டத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எங்கள் நாத்தனார் குடும்பம் அப்படித்தான் போய்வருகிறார்கள், பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள், அவர்களுக்கு அது சரியாக இருக்கிறது. எங்களுக்கு, இந்த வயதுப் பிள்ளைகளோடு, ஐஸ் பெட்டிதான். கைப்பிடி உறுதியாக, திருகு மூடியோடு ஒன்று கிடைத்தால் அடுத்த பயணத்துக்கு முன் மாற்றிவிடுவதாக இருக்கிறோம்.